வீட்டுத் தச்சுப்பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் அமைப்பு: வாளிலிருந்து புளோவர் வரை

திருகோணமலையில் வீட்டோடு பட்டறை போடுகிறவர்கள் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். முதலில் உறிஞ்சும் மெஷினை வாங்குகிறார்கள். பிறகு அதன் வாய்க்கு ஏற்ற பைப்பைத் தேடுகிறார்கள். கடைசியில் டேபிள் சோவின் (மேசையில் பூட்டிய வாளின்) பின்னால் ஒரு ஹோஸைச் சொருகிவிட்டு, "சத்தம் மட்டும் போடுது, இழுக்கேல்ல" என்கிறார்கள். வரிசை தலைகீழாகப் போனதுதான் காரணம். தூசி பிறக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்: மெஷினின் வாய், பைப், காற்றைச் சுழற்றிச் சீவலைப் பிரித்துக் கீழே உள்ள பரலில் (பெரிய பீப்பாயில்) விழுத்தும் கூம்பு, அதன் பிறகு காற்றை இழுத்துத் தள்ளும் புளோவர். புளோவருக்குக் காசு கொடுப்பது கடைசி வேலை.

இங்கே உதாரணத்துக்கு எடுத்திருப்பது 10 அடிக்கு 14 அடி அறை, 9 அடி உயரம். உள்ளே ஒரு டேபிள் சோ, பலகையை ஒரே தடிப்புக்குச் சீவும் ஒரு திக்னஸ் பிளேனர், கோணம் வைத்துக் குறுக்கே அறுக்கும் ஒரு மைட்டர் சோ, கையில் பிடித்துக் காடி வெட்டும் ரவுட்டர், தேய்க்கும் சாண்டர். ஒருவர் வேலை செய்யும் பட்டறை. ஒரு நேரத்தில் ஒரு மெஷின்தான் ஓடும். கீழே உள்ள கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

1. தொடங்குமுன்: ஒரு தாள், ஒரு கணக்கு

அறையைத் தாளில் வரைந்து மெஷின்களை இடத்தில் வையுங்கள். அதிகம் சீவல் தள்ளுவது பிளேனர், அடுத்தது டேபிள் சோ. இவை இரண்டும் புளோவருக்குக் கிட்ட இருக்கட்டும். பைப் நீளமாக ஆக இழுவை குறையும். அதிகம் காற்றுக் கேட்கும் மெஷினைத் தூரத்தில் வைத்தால் முழு அமைப்பையும் அதற்காகவே பெரிதாக்க வேண்டி வரும்.

கையோடு எடுத்து வைக்க வேண்டியவை: 12 மி.மீ. பிளைவுட் ஒரு முழுத் தகடு, சிலிக்கன், அலுமினிய டேப், அரை அங்குல ஸ்க்ரூ, 2 மீற்றர் தெளிந்த பிளாஸ்டிக் ட்யூப், ஒரு பெட்டி ஊதுபத்தி. கம்பியைச் சுற்றிப் பிடித்து அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றர் ஒன்றை யாரிடமாவது இரவல் கேட்டு வையுங்கள். ட்யூபும் ஊதுபத்தியும் ஏன் என்பது கடைசிப் பகுதிகளில் விளங்கும்.

மெஷின் பெட்டிகளில் சி.எஃப்.எம். என்று போட்டிருப்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு. அது பைப்பும் பில்டரும் பூட்டாத வெறும் மெஷினில் எடுத்தது. பைப் பூட்டிய பிறகு கிடைப்பது அதில் ஒரு பங்குதான். இந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

2. வெக்கியூமா, புளோவரா

இரண்டும் வேறு வேலைக்கானவை. வெக்கியூம் குறைந்த காற்றை மிகுந்த விசையோடு இழுக்கும். நிமிடத்துக்கு 100 முதல் 150 கன அடி. புளோவர் நிறையக் காற்றைக் குறைந்த விசையோடு இழுக்கும். சாண்டர், ரவுட்டர் போன்ற சின்ன வாய்களுக்கு வெக்கியூம். டேபிள் சோவுக்கும் பிளேனருக்கும் புளோவர்.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: வெக்கியூமுக்கு 110 மி.மீ. பைப் இழுப்பது. "பெரிய பைப் என்றால் நல்லாய் இழுக்கும்" என்ற எண்ணம். மரத்தூள் பைப்பில் படியாமல் போக, காற்று நொடிக்கு 18 முதல் 20 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். 130 கன அடி காற்று 63 மி.மீ. பைப்பில் நொடிக்கு 23 மீற்றர் ஓடும். அதே காற்று 110 மி.மீ. பைப்பில் ஏறத்தாழ 7 மீற்றர்தான் ஓடும். சில நாளில் பைப்பின் அடியில் தூள் மேடு கட்டிவிடும்.

எனவே வெக்கியூம் என்றால் 63 மி.மீ. பைப், அதுவும் குட்டையாக. கையில் காசு குறைவு, சின்ன மெஷின்கள்தான் என்றால் ஒரு வெக்கியூமும், வாளி மேல் பூட்டும் சிறிய கூம்பும் போதும். வாளி மட்டும் தடித்ததாக இருக்கட்டும். ஹோஸ் அடைத்தால் மெல்லிய பெயின்ட் வாளி உள்ளே சப்பளிந்து போகும்.

3. காற்றை எங்கே விடுவது

வெளிநாட்டு வீடியோக்களை அப்படியே பின்பற்றுவதில் உள்ள பெரிய நட்டம் இங்கேதான். குளிர்நாட்டில் சூடாக்கிய அறைக் காற்றை வெளியே விட்டால் எரிபொருள் காசு போகும். அதனால் விலை உயர்ந்த பில்டர் போட்டு அதே காற்றை உள்ளே திருப்புகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. கூம்பு சீவலைப் பிரித்த பிறகு மிஞ்சும் நுண்தூசியோடு காற்றை வெளியே தள்ளிவிடலாம்.

இதில் காசு மிச்சம் என்பதைவிடப் பெரிய விசயம் மூச்சு. தரையில் கூட்டி அள்ளும் தூள் அவ்வளவு ஆபத்தில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்காகக் காற்றில் மிதப்பதுதான் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். மெஷினோடு வரும் 30 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) துணிப் பை அதைத்தான் அறைக்குள் திரும்பத் தூவுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நம்மூரில் அதிகம் அறுபடும் முதிரையின் தூள் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கக்கூடியது.

வெளியே விடுவதற்கு மூன்று நிபந்தனைகள்.

முதலாவது, காற்றின் திசை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து அடிக்கும். மேற்குச் சுவரில் வாய் வைத்தால் தள்ளும் தூசியை அது யன்னல் வழியே திருப்பி உங்களிடமே தரும். வடக்கு, கிழக்குச் சுவர்களில் வைத்தால் ஐப்பசி தொடங்கி வாடைக்காற்றோடு வரும் மழை பைப்புக்குள் இறங்கும். பல வீடுகளில் தெற்குச் சுவர்தான் தொல்லை குறைந்தது. எங்கே வைத்தாலும் வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே வையுங்கள். கம்பிவலை போடாதீர்கள், ஒரு கிழமையில் அடைத்துவிடும். குளவி கூடு கட்டாமலிருக்க, காற்றுத் தள்ளும்போது திறந்து, காற்று நின்றதும் தானாக விழுந்து மூடும் இலேசான தகர மூடி போதும்.

இரண்டாவது, அயல். பாலையூற்று, உப்புவெளிப் பக்கம் வளவு பெரிது, பிரச்சினை குறைவு. நகருக்குள் மதிலோடு மதிலாக வீடுகள் இருந்தால், பக்கத்து வீட்டு உடுப்புக் கொடியில் நுண்தூசி படியும். அங்கே வெளியே விடும் எண்ணத்தை விட்டுவிட்டு, 1 மைக்ரோன் வரை பிடிக்கும் மடிப்புப் பில்டர் போட வேண்டும். புளோவர் கேட்பதைவிட ஒரு படி பெரிய பில்டராகப் போடுங்கள். மாரிக் காலத்து ஈரத்தில் பில்டரில் படிந்த தூசி களிபோல இறுகும். பரப்பு குறைவாக இருந்தால் இரண்டு நாளில் இழுவை போய்விடும்.

மூன்றாவது, உள்ளே வரும் காற்று. வெளியே போகும் அளவு உள்ளே வந்தே ஆக வேண்டும். உதாரண அறையின் கொள்ளளவு 1,260 கன அடி. 160 மி.மீ. பைப் வழியே நிமிடத்துக்கு 770 கன அடி வெளியே போனால் 2 நிமிடத்துக்குள் முழு அறையும் மாறுகிறது. கதவு யன்னலைப் பூட்டிக்கொண்டு ஓட்டினால் புளோவர் பட்டினி கிடக்கும். தள்ளும் வாய்க்கு எதிர்ப் பக்கம் 2 சதுர அடிக்குக் குறையாத திறப்பு வேண்டும். அது மேற்குப் பக்கமானால் கச்சானில் மணலும் சேர்ந்து வரும். அங்கே நுளம்பு வலை போட்ட யன்னல் நல்லது. வலையை அடிக்கடி தட்டிவிட வேண்டும்.

பைப்பைச் சுவர் வழியே கொண்டு போங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் துளைக்கவே வேண்டாம். மரத்தூசியிலிருந்து தப்பப் போய் அஸ்பெஸ்டஸ் நாரை மூச்சில் எடுப்பதில் அர்த்தமில்லை.

4. மெஷினின் வாய்

முழு அமைப்பிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. உறிஞ்சும் வாயிலிருந்து ஒரு விட்டத் தூரம் விலகினாலே இழுவை பத்தில் ஒன்றாகிவிடும். 6 அங்குலப் பைப்பின் வாய்க்கு 6 அங்குலம் தள்ளி நிற்கும் தூசியை அது ஏறத்தாழக் கவனிப்பதே இல்லை. எவ்வளவு பெரிய புளோவர் போட்டாலும் இது மாறாது. எனவே தூசியைத் தேடிப் பைப் போகாது. தூசி எறியப்படும் பாதையில் வாயை வைக்க வேண்டும்.

டேபிள் சோ. சின்ன டேபிள் சோக்களின் அடி திறந்திருக்கும். அதை 12 மி.மீ. பிளைவுட்டால் மூடி, உள்ளே 45 பாகைக்குக் குறையாத சரிவு கொடுத்து, சரிவின் மிகத் தாழ்ந்த இடத்தில் பைப்பைப் பூட்டுங்கள். மட்டமான அடித்தட்டில் தூள் குவிந்து நிற்கும், பைப் அதைத் தொடாது. பெட்டியை முழுதாக அடைத்துவிடவும் கூடாது: காற்று நுழைய வழி இல்லையென்றால் ஓட்டமே இல்லை. பைப்பின் குறுக்குப் பரப்புக்குச் சமமான திறப்பு, அதாவது 110 மி.மீ. பைப்புக்கு ஏறத்தாழ 13 சதுர அங்குலம், தூசி குறைந்த பக்கத்தில் இருக்கட்டும். உயர்த்தித் தாழ்த்தும் கைப்பிடிக்கான வெட்டே பல மெஷின்களில் இதற்குப் போதும்.

கீழே மட்டும் உறிஞ்சினால் பாதி வேலைதான். பல்லிடுக்கில் சிக்கிய தூள் வாளோடு சுற்றி மேலே வந்து நேரே உங்கள் முகத்துக்கு எறியப்படும். வாளின் மேல் உறையில் ஒரு 63 மி.மீ. இணைப்புக் கொடுங்கள். வாளைச் சுற்றி இடைவெளியே இல்லாத இறுக்கமான செருகுதகடு போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். வெட்டு விளிம்பு சுத்தமாக வரும், ஆனால் கீழே போகும் காற்று அடைபட்டுத் தூசி மேலேயே நின்றுவிடும்.

பிளேனர். வாய் ஏற்கெனவே இருக்கும், பிடிப்பது சுலபம். சிக்கல் அளவில்தான். 10 அங்குல அகலம், 8 அடி நீளப் பலகையில் 1 மி.மீ. சீவினால் கட்டியான மரமாகவே 0.6 லீற்றர். அது சுருள் சீவலாகும்போது பல மடங்கு பொங்கும். பரலை அடிக்கடி பார்க்க வேண்டிய மெஷின் இதுதான்.

மைட்டர் சோ. இது எல்லோரையும் தோற்கடிக்கிறது. கோணம் மாறமாறத் தூசி எறியும் திசையும் மாறும். பின்னால் வாள் திரும்பும் முழு அகலத்துக்கும் பிளைவுட்டில் ஒரு கூடு அடித்து, உள்ளே புனல்போலக் குறுக்கி நடுவில் 110 மி.மீ. பைப் வையுங்கள். வாளின் பின்னால் உள்ள சிறிய துளைக்கு வெக்கியூமைத் தனியே கொடுத்தால் இன்னும் நல்லது. இரண்டும் இருந்தாலும் கொஞ்சம் தப்பும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அவர்களே தரும் துணிப் பையைக் கழற்றி எறியலாம்.

சாண்டரை வெக்கியூமோடு மட்டும் பூட்டுங்கள். புளோவரின் இழுவை அந்தச் சின்னத் துளைகள் வழியே காற்றை இழுக்கப் போதாது.

5. பைப்: அளவு, திசை, மூட்டு

ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் 160 மி.மீ., 110 மி.மீ. பி.வி.சி. பைப்பே போதும். நொடிக்கு 20 மீற்றர் வேகத்தில் 160 மி.மீ. பைப் ஏறத்தாழ 770 கன அடியும், 110 மி.மீ. பைப் 360 கன அடியும் கொண்டு போகும். டேபிள் சோவுக்கும் பிளேனருக்கும் 360 என்பது ஆகக் குறைந்த அளவு. சீவல் போய்விடும், நுண்தூசியில் நிறையத் தங்கிவிடும்.

தாய்ப் பைப்பை 160இல் போட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் 110இல் கிளை இறக்குவது வழக்கம். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு 110 கிளையை மட்டும் திறந்தால் தாய்ப் பைப்பில் காற்று நொடிக்கு 9 அல்லது 10 மீற்றருக்கு விழும். கிளையில் வேகமாக வந்த சீவல் தாய்ப் பைப்பில் படுத்துவிடும். தீர்வு இரண்டு. 160 பைப்பை மெஷினடி வரை கொண்டுபோய், மொத்தக் குறுக்குப் பரப்பு அதிகம் குறையாதபடி அங்கே மேலும் கீழுமாகப் பிரிப்பது. அல்லது எப்போதும் இரண்டு கிளைகளைத் திறந்து வைப்பது. முதலாவதுதான் நல்லது, இரண்டாவது கிளையைத் திறக்க எல்லோரும் மறப்பார்கள்.

திருப்பங்கள். ஒரு 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 எல்போக்களை, நடுவில் ஒரு அடிப் பைப் விட்டு, போடுங்கள். கிளை சேரும் இடத்தில் நேர் டீ மூட்டு வேண்டாம், 45 பாகைச் சாய்வுக் கிளை வேண்டும். அதன் சாய்வு காற்றுப் போகும் திசையில் இருக்கட்டும். தலைகீழாகப் பூட்டியதைப் பல பட்டறைகளில் காணலாம். தண்ணீர்க் குழாய் பூட்டிப் பழகிய கை அப்படித்தான் போகும். கிளை தாய்ப் பைப்பின் பக்கத்திலோ மேலிருந்தோ சேர வேண்டும். அடியில் சேர்த்தால் மூடிக் கிடக்கும் கிளைக்குள் சீவல் விழுந்து நிரம்பும்.

மூட்டு. பைப்பின் முனை காற்றுப் போகும் திசையில் அடுத்த சொக்கெட்டுக்குள் நுழைய வேண்டும். எதிர்த்திசையில் நுழைந்தால் அதன் விளிம்பு உள்ளே படிபோல நின்று நீள்சீவலைப் பிடிக்கும். ஒன்று பிடித்தால் மற்றவை அதில் கோர்த்து அடைப்பாகும். அறுத்த முனையின் பிசிறை உள்ளேயும் அரம் போட்டுத் தேயுங்கள். சொல்வென்ட் பசை பூசாதீர்கள். மெஷினை இடம் மாற்றும் நாள் கட்டாயம் வரும். இரண்டு அரை அங்குல ஸ்க்ரூவும் வெளியே அலுமினிய டேப்பும் போதும். நீள ஸ்க்ரூவின் நுனி உள்ளே நீட்டினால் அதுவும் சீவல் பிடிக்கும் முள்ளாகிவிடும்.

வளையும் ஹோஸ் மெஷினுக்கும் பைப்புக்கும் இடையில் மட்டும், 3 அடிக்கு மேல் வேண்டாம். உள்ளே சுருள் சுருளாக இருப்பதால் ஒரு அடி ஹோஸ் ஏறத்தாழ மூன்று அடிப் பைப்பின் தடையைத் தரும்.

தகரக் கூரைக்குக் கீழே பி.வி.சி. சூட்டில் தொய்யும். 4 அடிக்கு ஒரு பட்டி அடித்துத் தொங்கவிடுங்கள். வெளிப்புறத்தில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் கொடுத்தால், தொடும்போது சுரீரென்று அடிக்கும் நிலைமின் தொல்லை குறையும்.

6. அடைப்புக் கதவுகள்

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சறுக்குக் கதவு. இரண்டு 12 மி.மீ. பிளைவுட் தகடுகளுக்கு நடுவே 6 மி.மீ. பலகை நகரும்படி செய்தால் போதும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஒரு நுணுக்கம் மட்டும்: கதவு சறுக்கும் காடியின் தொலை முனையைத் திறந்தே விடுங்கள். மூடியிருந்தால் அதில் தூள் இறுகி, நாளாக ஆகக் கதவு முழுதாக மூடாது. திறந்திருந்தால் கதவே தூளை வெளியே தள்ளிவிடும்.

மாரியில் பிளைவுட் ஊதும். நகரும் பலகையை வார்னிஷ் அடித்து, மெழுகு பூசி, அரை மில்லிமீற்றர் தளர்வாக விடுங்கள். கதவு மெஷினுக்குக் கிட்ட, கையெட்டும் உயரத்தில் இருக்கட்டும். குனிந்து திறக்க வேண்டிய கதவை யாரும் திறப்பதில்லை.

7. கூம்பும் பரலும்

கூம்பு புளோவருக்கு முன்னால் வர வேண்டும். அப்போதுதான் மரத்துண்டும் ஆணியும் இதழில் அடிபடாது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்க நெல் ஆலைகளில் உமியைப் பிரிக்க நிற்கும் கூம்பும் இதே வேலைதான் செய்கிறது. அதை அடிக்கும் தகர வேலைக்காரருக்கு விளக்கம் தேவைப்படாது, அளவு கொடுத்தால் போதும்.

160 மி.மீ. பைப்புக்கு உருளையின் விட்டம் 18 அங்குலம். மற்ற அளவுகள் அதிலிருந்து: நுழைவாய் உயரம் விட்டத்தில் பாதி, 9 அங்குலம், அகலம் ஐந்தில் ஒன்று, ஏறத்தாழ 3½ அங்குலம், உருளை உயரம் ஒன்றரை மடங்கு, 27 அங்குலம், கூம்பு உயரம் இரண்டரை மடங்கு, 45 அங்குலம், நடுவே மேலே போகும் குழாய் 9 அங்குல விட்டம், உள்ளே 9 அங்குலம் இறங்க வேண்டும், அடி வாய் ஏறத்தாழ 6¾ அங்குலம். இதற்குக் கீழே பரலும் வைத்தால் 9 அடி தொடும். அறைக்குள் முடியாது என்றால் வெளியே ஒரு சாய்ப்பு இறக்கி, கூம்பையும் புளோவரையும் அங்கே கொண்டுபோங்கள். சத்தமும் அங்கேயே போய்விடும்.

உயரமே இல்லாதவர்களுக்கு வேறு வழி, பரலுக்குள் ஒரு தட்டுப் பலகை: சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளி விட்ட வட்டப் பலகை. சீவலை நன்றாகப் பிரிக்கும், நுண்தூசியில் பாதியைக் கடத்திவிடும். காற்று வெளியே போகிற அமைப்பென்றால் அது பெரிய குறையில்லை.

பரலின் மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் கூம்பு தோற்கும். கூம்பின் அடியில் உறிஞ்சல் இருப்பதால் ஓட்டை வழியே மேலேறும் காற்று விழுந்த தூளைத் திரும்பக் கிளப்பிக் கொண்டு போகும். மூடிக்கு நுரைப்பட்டி, சுற்றிலும் இறுக்கும் கிளிப். பரலுக்குள் பொலித்தீன் பை போட்டால் அதுவும் மேலே இழுபடும். போடாமல் நேரே கொட்டுவதுதான் சுலபம். பரலின் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாளரம் வெட்டி வையுங்கள். நிரம்பியது தெரியாமல் ஓட்டினால் மிச்சமெல்லாம் தெற்குச் சுவர் வழியே வளவுக்குள் போகும்.

8. புளோவர்

இப்போதுதான் வாங்க வேண்டும். 160 மி.மீ. பைப்பும் கூம்பும் சேர்ந்தால் 2 குதிரைவலுவுக்குக் குறைய வேண்டாம். இதழ்கள் நேராக, பட்டையாக இருக்க வேண்டும். அணில் கூண்டு போலப் பல சிறிய வளைந்த இதழ்கள் கொண்ட ஏ.சி. புளோவர் சீவல் பட்டதும் அடைத்துவிடும், தேவையான விசையும் தராது.

அமெரிக்க வரைபடங்களைப் பார்த்து, இதழ்கள் பூட்டிய புளோவர்ச் சக்கரம் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், மோட்டர் நிமிடத்துக்கு 3,450 சுற்று. இங்கே 50 ஹேர்ட்ஸ், அதே வகை மோட்டர் 2,850 சுற்றுத்தான். அதே சக்கரத்தை இங்கே சுற்றினால் காற்று ஆறில் ஐந்தாகவும் உறிஞ்சும் விசை 70 சதவீதத்துக்குக் கீழாகவும் குறையும். அங்கே 12 அங்குலச் சக்கரம் செய்யும் வேலைக்கு இங்கே 14 அங்குலம் வேண்டும். 100 வோல்ட் ஜப்பான் ரீகண்டிஷன் மெஷின்களை வாங்குமுன் மோட்டர் தகட்டில் வோல்டும் ஹேர்ட்ஸும் பாருங்கள்.

சக்கரம் செய்ய ஆலைப் புளோவர் செய்து பழகிய பட்டறைக்கே கொடுங்கள். சமநிலை பிசகிய 14 அங்குலச் சக்கரம் 2,850 சுற்றில் உடைந்தால் சுவரையும் துளைக்கும். கூடு மூடாமல் ஒரு நொடிகூட ஓட்ட வேண்டாம்.

சுற்றும் திசையையும் பாருங்கள். இந்த வகைப் புளோவர் எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்று அதே வாயால்தான் வரும், பலம்தான் இருக்காது. அதனால் பிழை பிடிபடுவதில்லை. புளோவரின் நுழைவாய்க்கு உடனே முன்னால் எல்போ வைக்காதீர்கள்; 2½ அடி நேர்ப் பைப் வேண்டும்.

9. கரண்ட்

பெரும்பாலான வீடுகளில் 230 வோல்ட், 30 அம்பியர் இணைப்பு. 2 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 9 முதல் 11 அம்பியர், தொடங்கும் கணத்தில் அதன் ஐந்தாறு மடங்கு. 1,800 வோட் டேபிள் சோ 8 அம்பியர். இரண்டையும் ஒரு சுவர்ப் பிளக்கிலிருந்து நீட்டுக் கம்பியால் ஓட்டினால் பிளக் உருகும். இரண்டுக்கும் மின்பெட்டியிலிருந்து தனித்தனி லைன், மோட்டர் தொடக்கத்தைத் தாங்கும் வகை பிரேக்கர். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

புளோவருக்கு நோ-வோல்ட் சுவிட்ச் கேளுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது தானாகத் தொடங்காது.

பைப் பூட்டாமல் புளோவரைச் சோதித்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். தடையில்லாமல் காற்றுப் போகும்போதுதான் இந்த வகைப் புளோவரின் மோட்டர் அதிக அம்பியர் இழுக்கும், அடைத்தால் குறையும். வாய் திறந்தபடி நெடுநேரம் ஓட்டினால் மோட்டர் சூடாகிக் கருகலாம். கிளாம்ப் மீற்றரைப் போட்டு, மோட்டர் தகட்டில் உள்ள அளவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் தள்ளும் பக்கத்தில் கொஞ்சம் அடைக்க வேண்டும்.

10. ஊதுபத்திச் சோதனை, தண்ணீர்ச் சோதனை

எல்லாக் கதவுகளையும் மூடிப் புளோவரை ஓட்டுங்கள். ஒரு ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டின் ஓரமாகக் கொண்டு போங்கள். புகை எங்கே உள்ளே வளைகிறதோ அங்கே கசிவு. பரலில் தூள் இல்லாத புது அமைப்பில் மட்டும் இதைச் செய்யுங்கள், நெருப்பு உள்ளே போனால் அணைப்பது கடினம். பிறகு டேபிள் சோவின் கதவைத் திறந்து, வாளை நிறுத்திய நிலையில், வாளைச் சுற்றிப் புகை காட்டுங்கள். எந்த இடத்தில் புகை மேலே எழுகிறதோ அங்கே தூசியும் எழும்.

அடுத்து ட்யூப். அதை ஒரு பலகையில் ஆங்கில யூ எழுத்துப் போல வளைத்து அடித்து, பாதிக்குச் சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். புளோவருக்குச் சற்று முன்னால் பைப்பில் 3 மி.மீ. துளை போட்டு ஒரு முனையை அதில் பொருத்துங்கள். மற்ற முனை திறந்திருக்கட்டும். டேபிள் சோவின் கதவு மட்டும் திறந்த நிலையில் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். பரலை வெறுமையாக்கிய நாளில் எடுத்த குறி அது.

பிறகு ஒரு நாள் இழுவை குறைந்ததுபோல இருந்தால் பைப்பைக் கழற்றுமுன் ட்யூபைப் பாருங்கள். வித்தியாசம் கூடியிருந்தால் அடைப்பு மெஷினுக்கும் புளோவருக்கும் நடுவில். குறைந்திருந்தால் பில்டரோ தள்ளும் வாயோ அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ பெரிய கசிவு, அல்லது வேறொரு கதவு திறந்து கிடக்கிறது. பாதி நாள் வேலையை இது மிச்சப்படுத்தும்.

11. ஓட்டும் ஒழுங்கு

கதவைத் திறந்து, புளோவரை முதலில் போட்டு, அது முழுச் சுற்றுக்கு வந்த பிறகு வாளைப் போடுங்கள். நிறுத்தும்போது வாள் முதலில். புளோவர் இன்னும் 15 நொடி ஓடட்டும். பைப்பில் பாதி வழியில் நிற்கும் சீவல் அந்த 15 நொடியில் பரலுக்குப் போகும்.

பழைய வீட்டுக் கதவு நிலை, படகுப் பலகை அறுப்பவர்கள் முதலில் காந்தத்தைத் தடவி ஆணி தேடுங்கள். வாளில் பட்ட ஆணியின் பொறி பரலுக்குள் போனால் தூள் சுவாலையில்லாமல் மணிக்கணக்காகப் புகைந்து, நீங்கள் தூங்கும் நேரத்தில் பற்றும். இரும்பு கிரைண்ட் பண்ணும் வேலையை இந்த அமைப்போடு சேர்க்கவே கூடாது. லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியையும் பரலில் போடாதீர்கள். அது நெருப்பில்லாமலே தானாகச் சூடாகிப் பற்றும். அன்றைய தூளை அன்றே வெளியே எடுப்பது நல்ல பழக்கம்.

இவ்வளவும் செய்த பிறகும் சாண்டர் பிடிக்கும்போதும், கூட்டும்போதும், பரல் கொட்டும்போதும் என்-95 முகமூடி போடுங்கள்.

12. கடலோரப் பராமரிப்பு

உப்புக் காற்றுக்குக் கறுப்பு இரும்பு நிற்காது. கூம்பை கல்வனைஸ் தகட்டில் அடியுங்கள். வெல்டிங் பட்ட இடங்களில் சிங்க் பெயின்ட். சக்கரத்தில் துரு ஏறினால் ஒரு பக்கம் பாரம் கூடி அதிர்வு தொடங்கும். மாரி தொடங்குமுன் ஒரு தரம், முடிந்த பின் ஒரு தரம் கரண்டை வெட்டிவிட்டுக் கூட்டைத் திறந்து சக்கரத்தைத் துடைத்துப் பாருங்கள். ஸ்க்ரூக்கள் துருப்பிடிக்காத எஃகில் இருந்தால் கழற்றுவது வேலையாகத் தெரியாது.

மாரிக் காலத்தில் தள்ளும் வாயின் தகர மூடி ஒட்டிக்கொள்கிறதா என்று கிழமைக்கு ஒரு தரம் கையால் தூக்கிப் பாருங்கள். ஈரத் தூள் பிசின் போலப் பிடிக்கும்.

கொட்டும் தூளைச் சுவரோரமாகக் குவித்தால் கறையான் வீட்டுக்குள் வரும். வெறும் மரத்தூளை மரத்தூள் அடுப்புக்குக் கொடுக்கலாம். எம்.டி.எஃப்., பிளைவுட் தூளில் பசை இருப்பதால் அடுப்புக்கும் தோட்டத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் ஆகாது. அதை அறுக்கும் நாளில் பரலை முதலில் வெறுமையாக்கி, வரும் தூளைத் தனிப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள்.